மர இறக்கையில் உலகம் சுற்றிய கிளெம்: ஜெர்மனியின் ஈரிருக்கைப் பயிற்சி விமானம்

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் 150 சிசி 'கப்சாய்' மோட்டார் சைக்கிளின் எஞ்சின் ஏறக்குறைய 15 குதிரைத்திறன் தருகிறது. அதைவிடச் சற்றே கூடுதலாக, 20 குதிரைத்திறன் மட்டும் கொண்ட ஒரு மர விமானத்தில் ஏறி, 1928-ஆம் ஆண்டு பெர்லினிலிருந்து புறப்பட்டார் 22 வயது இளைஞர் ஒருவர். மாஸ்கோ, பாக்கு, பாரசீகம், இந்தியா, சியாம் என்று பறந்து சிங்கப்பூர் வரை வந்து சேர்ந்தார்.

அவர் ஓட்டி வந்தது போர் விமானமுமல்ல, பயணிகள் விமானமுமல்ல. பறக்கப் பழகுபவர்களுக்காகவும் ஓய்வு நாளில் பறக்க விரும்புபவர்களுக்காகவும் செய்யப்பட்ட கிளெம் என்னும் சிறிய ஈரிருக்கை விமானம் அது. அந்த வரிசையில் அதிகம் பேசப்படுவது எல் 25. விலை உயர்ந்த எஞ்சின் இல்லாமல், பணக்காரர் அல்லாதவரும் பறக்க முடியும் என்று காட்டிய விமானம் அது. அதைச் செய்தவர் யார், அது எப்படிப் பறந்தது, பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே பார்ப்போம்.

எடையோடு போராடிய பொறியாளர்

ஹன்ஸ் கிளெம் 1885-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போர்க்காலத்தில் விமானக் கட்டுமானத் துறைக்கு வந்தார். போர் முடியும் காலத்தில் டைம்லர் நிறுவனத்தின் சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலையில் விமான வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றார்.

போரில் தோற்ற ஜெர்மனிக்கு 1919-ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை விமானப்படை வைத்துக்கொள்ளத் தடை விதித்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் விமானங்களுக்கும் 1926 வரை பல கட்டுப்பாடுகள் இருந்தன. வேகமான, ஆற்றல் மிக்க விமானங்களைச் செய்ய வழியில்லை. பல பொறியாளர்கள் வெளிநாடு போனார்கள். சிலர் எஞ்சினே இல்லாத கிளைடர் பக்கம் திரும்பினார்கள்.

கிளெம் வேறு வழியில் யோசித்தார். மற்றவர்கள் எஞ்சினின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் விமானத்தின் எடையைக் குறைத்துக்கொண்டு வந்தார். எடை குறைந்தால் சிறிய எஞ்சின் போதும். சிறிய எஞ்சின் என்றால் எரிபொருள் குறையும். எரிபொருள் குறைந்தால் சுமை மேலும் குறையும், செலவும் குறையும். ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடும் இந்தக் கணக்குதான் அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று.

அவருடைய முதல் சிறு விமானமான எல் 15-இல் மோட்டார் சைக்கிள் எஞ்சினே பொருத்தப்பட்டது. 1924-இல் எல் 20 வந்தது. 1926 கடைசியில் டைம்லரை விட்டு விலகிய கிளெம், ஸ்டுட்கார்ட்டை அடுத்த பிப்ளிங்கன் ஊரில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். எல் 20-ஐச் செம்மைப்படுத்தி அங்கே அவர் உருவாக்கியதுதான் எல் 25.

எப்படிக் கட்டப்பட்டது?

1920-களின் சிறு விமானம் என்றதும் நம் கண்முன் வருவது மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, நடுவே கம்புகள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். பிரிட்டிஷ் மோத் விமானம் அப்படித்தான் இருந்தது. அந்தக் கம்பியும் கம்பும் இறக்கையைத் தாங்கும். ஆனால், பறக்கும்போது காற்றை எதிர்த்து விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும்.

கிளெம் விமானத்தில் ஒரே ஓர் இறக்கைதான். அது உடலின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். வெளியே தாங்குகம்பு எதுவும் இல்லை. இறக்கைக்குள் ஓடும் மரச்சட்டமே முழுப் பாரத்தையும் சுமக்கும். உடல் முழுவதும் மரச்சட்டம், அதன்மேல் மெல்லிய பிளைவூட். இறக்கையின் பின்பகுதிக்குத் துணி. எல்லாம் பசையால் ஒட்டப்பட்டவை.

இறக்கையின் நீளம் முனைக்கு முனை 13 மீட்டர். விமானத்தின் நீளமோ ஏழரை மீட்டர்தான். உடலைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இறக்கை. கிளைடரைப் போன்ற இந்த அமைப்புதான் குறைந்த ஆற்றலில் மிதக்க வைத்தது.

முதலில் வந்த விமானங்களில் இருந்தது மெர்சிடிஸ் பென்ஸின் இரண்டு சிலிண்டர் எஞ்சின். 900 சிசிக்கும் குறைவு, காற்றால் குளிர்விக்கப்படுவது, ஆற்றல் 20 குதிரைத்திறன். பின்னாளில் ஃபோக்ஸ்வேகன் 'வண்டு' காரை உருவாக்கிய ஃபெர்டினாண்ட் போர்ஷே, டைம்லரில் இருந்தபோது வடிவமைத்த எஞ்சின் அது. பிறகு வந்த வகைகளில் 40, 80 குதிரைத்திறன் எஞ்சின்கள் இடம்பெற்றன.

80 குதிரைத்திறன் வகையின் வெற்று எடையே சுமார் 420 கிலோகிராம்தான். நம் நாட்டின் பழைய கஞ்சில் காரைக்கூட இதைவிடக் கனம் என்றுதான் சொல்லவேண்டும். இறக்கைகளைக் கழற்றி வைக்கலாம் என்பதால், பெரிய கொட்டகை இல்லாதவரும் இதை வைத்திருக்க முடிந்தது.

பழகுபவருக்கு ஏன் பிடித்தது?

இரண்டு இருக்கைகளும் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். மேலே கூரை கிடையாது. முகத்தில் காற்று அறையும், எஞ்சினின் எண்ணெய் தெறிக்கும். தோல் தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் ஏற முடியாது. பயிற்சிக்கு இரு இருக்கைகளிலும் கட்டுப்பாட்டுக் கோலும் கால்மிதியும் பொருத்தப்படும். பழகுபவர் தவறினால் ஆசிரியர் உடனே திருத்தலாம்.

தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில்தான் உட்காருவார். காரணம் எளிது. முன் இருக்கை விமானத்தின் எடை மையத்துக்கு அருகில் உள்ளது. அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானத்தின் சமநிலை பெரிதாக மாறாது. ஆசிரியர் இறங்கிக்கொண்டு, "இனி நீயே போ" என்று மாணவரை முதன்முறையாகத் தனியே அனுப்பும் நாளில் இது பெரிய உதவி.

நீண்ட இறக்கையால் இன்னொரு நன்மையும் உண்டு. நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டாலும் விமானம் கல்லைப் போல் விழாது. மெதுவாகச் சரிந்து வரும். கீழே ஒரு வெட்டவெளியைத் தேடிக்கொள்ள நேரம் கிடைக்கும். தரையைத் தொடும் வேகமும் குறைவு. அந்தக் கால எஞ்சின்கள் அடிக்கடி மக்கர் செய்தன. ஆகவே, பல மாணவர்களின் உயிரைக் காத்தது இந்தக் குணம்தான்.

குறைகளும் இருந்தன. இலகுவான விமானம் என்பதால் தரையில் நிற்கும்போது பலத்த காற்று அடித்தால் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது லேசில் தரையில் உட்காராது. சிறிய திடலென்றால் மிதந்துகொண்டே எல்லையைத் தாண்டிவிடக்கூடும். எதிர்க்காற்றில் அதன் வேகம் பெரிதும் அடிபடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தை 40 கிலோமீட்டர் காற்று எதிர்த்தால், தரைக் கணக்கில் அது நகர்வது 60 கிலோமீட்டர்தான். கீழே ஓடும் ரயில் அதை முந்திக்கொண்டு போகும்.

சிங்கப்பூர் வந்த 20 குதிரைத்திறன்

இத்தகைய விமானத்தில்தான் ஃபிரீட்ரிக் கார்ல் ஃபான் கோனிக் வார்ட்ஹாவுசன் 1928 ஆகஸ்டில் பெர்லினை விட்டுப் புறப்பட்டார். அவருடையது எல் 20. அவர் அனுபவமிக்க விமானி அல்லர். உலகைச் சுற்றும் திட்டத்தோடும் கிளம்பவில்லை. பெர்லினிலிருந்து மாஸ்கோ வரை பறப்பதுதான் முதல் நோக்கம். மாஸ்கோ போய்ச் சேர்ந்ததும், இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போமே என்று தோன்றியது. அந்தக் 'கொஞ்சம்' பாரசீகம், இந்தியா, சியாம் என்று நீண்டு சிங்கப்பூரில் வந்து நின்றது.

சிங்கப்பூரிலிருந்து விமானத்தைக் கப்பலில் ஏற்றிக் கிழக்கே சென்றார். பின்னர் அமெரிக்காவைக் கடந்து 1929 நவம்பரில் ஜெர்மனி திரும்பினார். கடலைக் கப்பலில்தான் கடந்தார் என்றாலும், நிலப்பரப்பின் பெரும் பகுதியைப் பறந்தே கடந்தார். ஜெர்மன் அதிபரின் பெயரால் வழங்கப்பட்ட ஹிண்டன்பர்க் கோப்பை அவருக்குக் கிடைத்தது.

கடன் வாங்கிப் பறந்த எல்லி

கிளெம் விமானத்தின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றவர் ஒரு பெண். எல்லி பைன்ஹார்ன் 1907-இல் ஹனோவர் நகரில் பிறந்தவர். அட்லாண்டிக் பெருங்கடலைக் கிழக்கிலிருந்து மேற்காக விமானத்தில் கடந்த ஹெர்மன் கோலின் சொற்பொழிவை 1928-இல் கேட்டார். அன்றே பறக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பெற்றோருக்கு அதில் விருப்பமில்லை. தம்மிடமிருந்த சிறு தொகையோடு பெர்லின் சென்று விமானம் ஓட்டப் பழகினார். 1929-இல் உரிமமும் பெற்றார்.

உரிமம் கிடைத்தாலும் வேலை கிடைக்கவில்லை. பெண் விமானியை நம்பிப் பயணிகளையோ சரக்கையோ ஒப்படைக்க அன்று யாரும் தயாராக இல்லை. வார இறுதிகளில் வான்சாகசம் காட்டிப் பிழைத்தார். 1931 ஜனவரியில் தனியாக கிளெம் விமானத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பறந்து, அங்கிருந்த ஓர் ஆய்வுக் குழுவோடு சேர்ந்துகொண்டார். திரும்பும் வழியில் எஞ்சின் பழுதாகி, சகாரா பக்கம் ஆளரவமற்ற இடத்தில் இறங்க நேர்ந்தது. அப்பகுதி மக்களின் துணையோடு திம்புக்டு நகரை அடைந்து உயிர் தப்பினார். அவர் இறந்துவிட்டார் என்று பலர் நினைத்திருந்த வேளையில் வந்த அந்தச் செய்தி அவரைப் புகழ்பெறச் செய்தது.

வேறொருவராக இருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்பார். எல்லி அதே ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி மீண்டும் புறப்பட்டார். இம்முறை எல் 25-இன் வழிவந்த, வலுக்கூட்டப்பட்ட கேஎல் 26 விமானம். பாரசீக வளைகுடாவில் உள்ள புஷைர் நகரில் எஞ்சின் தகராறு செய்தது. அந்த வழியே வந்த அமெரிக்க விமானி மோய் ஸ்டீஃபன்ஸ் பழுதுபார்க்க உதவினார். பிறகு இந்தியாவைக் கடந்து கல்கத்தா, பேங்காக் வந்தார். அங்கிருந்து ஜாவாவுக்கும் பாலிக்கும் போகும் சிறு விமானத்துக்கு மலாயா தீபகற்பத்தை ஒட்டித்தான் வழி. தீவுகளைக் கடந்து, திமோர் கடலின் மேல் தனியே பறந்து, 1932 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார்.

அடுத்து விமானத்தைப் பிரித்துக் கப்பலேற்றி, பனாமாவில் மீண்டும் பூட்டி, தென் அமெரிக்காவைச் சுற்றி, 1932 ஜூலையில் பெர்லின் திரும்பினார். புகழோடு வந்தவரின் கையில் 15,000 மார்க் கடனும் இருந்தது. அவருக்கும் ஹிண்டன்பர்க் கோப்பை வழங்கப்பட்டது. அதனுடன் கிடைத்த 10,000 மார்க்கும், பயணம் பற்றி எழுதியும் பேசியும் ஈட்டிய பணமும் கடனை அடைக்க உதவின. நூறு வயது நிறைவாழ்வு வாழ்ந்து 2007-இல் மறைந்தார்.

எல்லியின் சாதனையில் கிளெமின் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் தேவைப்பட்டிருந்தால் ஓர் அரசோ பெரிய நிறுவனமோதான் அந்தப் பயணத்தைச் செய்திருக்க முடியும். விமானம் சிறியதாக, மலிவாக இருந்ததால்தான் கடன் வாங்கியாவது ஓர் இளம்பெண் தன் விருப்பப்படி போக முடிந்தது. 1937-இல் ஆஸ்திரேலியாவின் லோரஸ் போனி, பிரிஸ்பேனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வரை தனியாகப் பறந்ததும் ஒரு கிளெம் விமானத்தில்தான். அது மூன்று இருக்கை கொண்ட கேஎல் 32.

மரமும் வெப்பமண்டலமும்

மர விமானத்தை நம்மைப் போன்ற நாடுகளில் வைத்துக் காப்பது எளிதல்ல. அக்காலத்து மர விமானங்களில் பரவலாகப் பயன்பட்டது பாலில் உள்ள கேசின் என்னும் புரதத்திலிருந்து செய்த பசை. உலர்ந்த இடத்தில் அது உறுதியாக நிற்கும். ஈரப்பதம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், ஒட்டு விட்டுப்போகும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும். உள்ளே இறக்கைச் சட்டம் பிரிந்துகொண்டிருக்கும்.

அதனால் இன்றும் இத்தகைய விமானத்தைப் பறக்கவிடுபவர்கள் எஞ்சினைவிட ஒட்டுகளைத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். பிளைவூடைத் தட்டிப் பார்ப்பது, சட்டத்தின் மூலைகளை விளக்கடித்துப் பார்ப்பது, தேவையானால் பலகையை எடுத்துவிட்டு உள்ளே பார்ப்பது என்று அந்த வேலைக்கு முடிவே இல்லை. மழையும் புழுக்கமும் மாறிமாறி வரும் வழியெல்லாம் திறந்தவெளியில் நிறுத்திவைத்து, அந்த விமானங்கள் தாக்குப்பிடித்தன என்பது சாதாரண விஷயமல்ல.

விளையாட்டு முடிந்தது

எல் 25 வகையில் 600-க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. அமெரிக்காவில் ஏரோமரீன் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. பிரிட்டனில் 1933 முதல் சுவாலோ என்ற பெயரில் உருவாகி, அங்குள்ள பறக்கும் சங்கங்களில் பழகுவோருக்குப் பயன்பட்டது.

இதற்கிடையில் ஜெர்மனியில் ஆட்சி மாறியது. 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். 1935 மார்ச்சில் தமக்கு விமானப்படை உண்டு என்று வெளிப்படையாக அறிவித்தார். அதுவரை சங்கங்களில் விளையாட்டாகப் பறந்துகொண்டிருந்த இளைஞர்கள் அந்தப் படைக்குத் தேவைப்பட்டார்கள். அவர்கள் பழகிய சிறு விமானங்களும் தேவைப்பட்டன. 1935-இல் முதன்முதலாகப் பறந்த கேஎல் 35, விமானப்படைப் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போனது. சுமார் 2,000 வரை செய்யப்பட்டது. ஸ்வீடன் விமானப்படையும் அதை வாங்கிப் பயன்படுத்தியது.

அதே காலத்தில் அதன் போட்டியாளராக வந்தது, ஈரடுக்கு இறக்கை கொண்ட பியூக்கர் யுங்மன் என்னும் மற்றொரு ஈரிருக்கைப் பயிற்சி விமானம். ஜப்பான் உரிமம் பெற்று அதைத் தன் ராணுவத்துக்கு மட்டும் 1,037 எண்ணிக்கையில் செய்தது. மலாயாவில் நம் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லும் அந்த ஆண்டுகளில், ஜப்பானில் புதிய விமானிகள் பழகியது இந்த ஜெர்மன் வடிவமைப்பில்தான். பழகத் தரும் விமானம் எந்த நோக்கத்துக்காகப் பழகுகிறோம் என்று கேட்பதில்லை.

கிளெமின் தொழிற்சாலையையும் போர் விடவில்லை. 1944-இல் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று மெஸ்ஸர்ஷ்மிட் கோமெட் விமானத் தயாரிப்பு. ராக்கெட் எஞ்சினோடு மணிக்கு 900 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் போர் விமானம் அது. எரிபொருள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் பல விமானிகளைக் கொன்றது. குறைந்த ஆற்றலில், நிறைந்த பாதுகாப்போடு, எல்லாரும் பறக்க வேண்டும் என்று தொடங்கியவரின் பட்டறை, அதற்கு நேரெதிரான ஒன்றைச் செய்யும் இடமாகிவிட்டது.

எஞ்சியிருப்பது

போருக்குப் பின் 1955 வரை ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை இருந்தது. தடை நீங்கியதும் கிளெம் பெயரில் கேஎல் 107 என்ற சிறு விமானம் மீண்டும் வந்தது. பிறகு அந்தத் தயாரிப்பு பல்கோவ் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஹன்ஸ் கிளெம் 1961-இல் காலமானார். பிப்ளிங்கனின் பழைய விமானத் திடல் இன்று வீடுகளும் அலுவலகங்களும் நிறைந்த புதிய குடியிருப்புப் பகுதி.

ஆனால், அவருடைய கணக்கு பொய்யாகவில்லை. இன்று உலகெங்கும் பறக்கும் சங்கங்களில் பழகுவோர் ஏறும் இலகுரக ஈரிருக்கை விமானங்களைப் பாருங்கள். கீழே பொருத்திய அல்லது மேலே பொருத்திய ஒற்றை இறக்கை, 80 முதல் 100 குதிரைத்திறன் எஞ்சின், ஆளும் எரிபொருளும் சேர்ந்து 600 கிலோகிராம் அளவில் மொத்த எடை. மரத்துக்குப் பதில் அலுமினியமும் கார்பன் இழையும் வந்திருக்கின்றன. மற்றபடி பிப்ளிங்கன் பட்டறையில் போட்ட கணக்கேதான்.

ஒரு பார்வையில் கிளெம் எல் 25 (80 குதிரைத்திறன் வகை)

பயன்: பயிற்சி, பொழுதுபோக்கு, நெடும்பயணம்
இருக்கை: 2, ஒன்றன் பின் ஒன்றாக, திறந்த அமைப்பு
கட்டுமானம்: மரச்சட்டம், பிளைவூட், துணி
இறக்கை நீளம்: 13 மீட்டர்
உடல் நீளம்: 7.5 மீட்டர்
வெற்று எடை: சுமார் 420 கிலோகிராம்
முழுச் சுமையோடு: சுமார் 720 கிலோகிராம்
அதிக வேகம்: மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர்
ஒரே மூச்சில் பறக்கும் தூரம்: சுமார் 650 கிலோமீட்டர்

அந்தக் கடைசி எண்ணை மட்டும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். 650 கிலோமீட்டர் என்பது கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போய் மீண்டும் கோலாலம்பூர் திரும்பும் நேர்வான்வழித் தூரத்துக்குச் சற்றுத்தான் அதிகம். அப்படித் தத்தித் தத்தித்தான், ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, எண்ணெய் ஊற்றி, ஒட்டைச் சரிபார்த்து, 20 வயதுகளில் இருந்த அந்த இளைஞர்கள் கண்டம் விட்டுக் கண்டம் போனார்கள்.